பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்புகள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ தலங்கம ஏரிக்கோ போவோம். பறவை பார்க்கத்தான் போவது. ஆனால் பிள்ளைகளின் கண் எப்படியோ தும்பியிலும் வண்டிலும் போய் நின்றுவிடும். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஒரே மாதிரியான கேள்விகள் வரும். பல வருடமாகக் கேட்டுச் சேர்ந்தவற்றை அவர்கள் கேட்ட சொல்லிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

மிஸ், நுளம்புக்கும் இலையானுக்கும் அப்படி உறுப்பெல்லாம் இருக்கா? அவ்வளவு சின்ன உடம்பில எங்க?

இருக்கிறது, முழுமையாகவே இருக்கிறது. ஆணுக்கு விதைகள், விந்து வரும் குழாய்கள், சுக்கிலப் பாயம் சுரக்கும் துணைச் சுரப்பிகள், கடைசியில் ஒரு ஆண்குறி. அதன் இரு பக்கமும் பெண்ணைப் பிடிக்கப் பெரும்பாலும் இடுக்கி போன்ற பாகங்கள் இருக்கும். பெண்ணுக்குச் சூலகங்கள், முட்டை வரும் குழாய், அதோடு விந்தைச் சேமித்து வைக்க ஒரு தனிப் பை. இந்த விந்துப்பையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

வெளியே தெரியும் பாகங்கள் எல்லாம் வயிற்றின் கடைசித் துண்டங்களில் இருக்கும். நுளம்பின் வால் நுனியை நுணுக்குக்காட்டியில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை ஒரு நிமிடம் பேசாது. கொக்கி, தகடு, மயிர், கீல் என்று ஒரு மணிக்கூட்டைத் திறந்த மாதிரி இருக்கும்.

டீச்சர், இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேணுமா?

ஒரு அம்மா கேட்டது. வேணும் என்றுதான் அவருக்கும் சொன்னேன். டெங்கு நுளம்பை அடக்குவது, பயறில் வண்டு வராமல் பார்ப்பது, ஒரு பூச்சியைச் சரியாக இனம் காண்பது, எல்லாமே இந்த உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்ற அறிவில் நிற்கின்றன. இதயத்தைப் படிப்பிக்கும் அதே குரலில் இதையும் சொன்னால் பிள்ளைகளும் அதே மாதிரித்தான் கேட்பார்கள்.

பூச்சிகள் ஆதியில இருந்தே இப்படித்தான் சேர்ந்ததா?

இல்லை. பழைய புத்தகத்தைத் திறந்தால் வெள்ளியாய் மின்னிக்கொண்டு ஓடும் சிறகில்லாப் பூச்சியைக் கொழும்பின் ஈரக் காற்றில் எல்லா வீட்டிலும் பார்க்கலாம். மிகப் பழைய கிளை ஒன்றில் வந்தது அது. அந்த ஆண், பெண்ணுக்குள் எதையும் செலுத்துவதில்லை. நூல் இழைகளைக் கட்டி, அதனடியில் விந்துப் பொதி ஒன்றை வைக்கும். பெண் வந்து அதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

விந்து நிலத்தில் கிடந்தால் காய்ந்துபோகும். நேரே உடலுக்குள் சேர்த்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. சிறகுள்ள பூச்சிகளில் ஆண்குறி வந்தது இந்த வழியில். ஆனால் அது வந்த பிறகு நடந்த கதை இதைவிடப் பெரியது.

ரெண்டு தும்பி சேர்ந்து இதயம் மாதிரி வளைஞ்சு நிக்குதே, அது என்ன செய்யுது?

தலங்கமவில் ஓரமாக நாணலுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றால் பத்து நிமிடத்துக்குள் ஒன்றைப் பார்த்துவிடலாம். ஆண் தன் வால் நுனி இடுக்கியால் பெண்ணைப் பிடித்திருக்கும். ஊசித்தும்பியில் பிடி கழுத்தில் விழும், பெரிய தும்பியில் தலையில். பெண் தன் வயிற்றை முன்னால் வளைத்து, ஆணின் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் வைக்கும். அப்போது வருவதுதான் அந்த இதய வடிவம்.

ஏன் இந்தச் சுற்று? ஆணின் விந்து வெளிவருவது வால்ப் பக்கம், ஒன்பதாம் துண்டத்தில். ஆனால் அதன் புணர்ச்சி உறுப்பு இரண்டாம், மூன்றாம் துண்டங்களின் அடியில் இருக்கிறது. ஆகவே முதலில் தன் வாலை மடக்கித் தன் விந்தைத் தானே முன்னுக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். வேறெந்தப் பூச்சிக் கூட்டத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

1979இல் ஜொனதன் வாகே என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஊசித்தும்பி இனத்தில் இன்னொன்றைக் காட்டினார். ஆணின் அந்த உறுப்பு விந்தைச் செலுத்துவதற்கு முன், பெண்ணின் விந்துப்பையில் முந்திய ஆண் விட்டுப்போன விந்தைச் சுரண்டி வெளியே எடுக்கிறது. நுனியில் பின்னோக்கிச் சரிந்த மயிர்கள் இருக்கின்றன, போத்தல் கழுவும் பிரஷ் போல. அநேகமாக எல்லாவற்றையும் அது அள்ளிவிடுகிறது. இதனால்தான் பல ஆண் தும்பிகள் சேர்ந்து முடிந்த பின்னும் பெண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு, அது முட்டையிடும் வரை கூடவே போகின்றன. விட்டால் அடுத்தவன் வந்து இதே வேலையைச் செய்வான்.

குளவி குத்தினா அது ஆணா பெண்ணா?

பெண். குளவி, தேனீ, எறும்பு எதுவானாலும் குத்தும் ஊசி என்பது உருமாறிய முட்டையிடு குழாய். ஆணுக்கு முட்டையிடு குழாய் இல்லை, ஆகவே ஊசியும் இல்லை.

முட்டையிடுற குழாய் மயிர் மாதிரி மெல்லிசு. அது எப்படி மரத்தையும் காயையும் துளைக்கும்? வளைஞ்சு போகாதா?

நல்ல கேள்வி. மெல்லிய கம்பியை மேலிருந்து அழுத்தினால் அது நடுவில் வளைந்துவிடும். குளவி அதை ஒரே கம்பியாக அழுத்துவதில்லை. குழாய் மூன்று நீளக் கீற்றுகளால் ஆனது. ஒன்றின் தவாளிப்புக்குள் மற்றதன் விளிம்பு மாட்டியிருக்கும், அலுமாரியின் சறுக்குக் கதவு போல. ஒரு கீற்றைக் கொஞ்சம் முன்னே தள்ளும்போது மற்றவற்றைப் பின்னே இழுக்கும். நுனியிலுள்ள பற்கள் பிடித்துக்கொள்ளும். பிறகு முறை மாறும். இப்படி மாறி மாறிப் போவதால் எந்தக் கணத்திலும் முழு அழுத்தமும் ஒரே இழையில் விழுவதில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சைக்கான மெல்லிய ஊசிகளை இதே முறையில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அத்திக்காயைத் துளைக்கும் ஒட்டுண்ணிக் குளவி இன்னும் ஒரு படி மேலே. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2014இல் அதன் குழாய் நுனியில் நாகம் என்ற உலோகம் செறிந்திருப்பதைக் காட்டினார்கள். உடலே தன் துளைப்பானின் முனையை உலோகத்தால் கடினப்படுத்தி வைத்திருக்கிறது.

கரப்பான் வாலில ஒரு மண்ணிறப் பெட்டியை இழுத்துக்கொண்டு திரியுதே, அது முட்டையா?

முட்டைகள் அடுக்கிய உறை. நம் குசினியில் ஓடும் பெரிய கரப்பானின் பெட்டிக்குள் ஏறத்தாழ 16 முட்டைகள் இரண்டு வரிசையில் நிற்கும். பெட்டி செய்யும் முறைதான் அழகு. இரண்டு டியூபையும் கலந்தால் இறுகும் பசை கடையில் விற்கிறார்கள் அல்லவா? கரப்பானுக்கும் இடம் ஒன்று, வலம் ஒன்று என இரு சுரப்பிகள். இடப்பக்கத்தில் புரதமும் இறுக்கும் பொருளின் மூலமும், வலப்பக்கத்தில் அதைத் தூண்டிவிடும் நொதியம். தனித்தனியே இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. வெளியே வந்து கலந்ததும் இறுகிக் கறுக்கும்.

எலும்பு இல்லாத பூச்சியில ஆண்குறி எப்படி நிமிரும்? எப்படி உள்ள போகும்?

பலவற்றில் அழுத்தம்தான் விசை. பூச்சியின் இரத்தம் குழாய்களுக்குள் ஓடாமல் உடற்குழியை நிரப்பி நிற்கிறது. வயிற்றுத் தசைகள் இறுகினால் அந்தத் திரவம் எங்காவது தள்ளியாக வேண்டும். உள்ளே மடிந்திருக்கும் மென்சவ்வுப் பை, கையுறையின் விரலை ஊதி வெளியே எடுப்பது போல வெளிப்புரளும். ஆண் தேனீயில் இது வெடிப்பது போல ஒரே கணத்தில் நடக்கிறது. பறந்தபடியே புணரும் ஆண் அத்தோடு இறந்து விழும். உறுப்பின் ஒரு பகுதி இராணித் தேனீயின் உடலில் அடைப்பாக நிற்கும். அடுத்து வரும் ஆண் அதை அகற்றிவிட்டுத்தான் புணர்கிறது.

சில வண்டுகளில் வேறு சிக்கல். கசிடா என்ற ஆமை வண்டின் ஆண்குறி நுனியிலிருந்து நீளும் இழை அதன் உடலைவிட நீளம். பெண்ணுக்குள் சுருண்டு போகும் ஒடுங்கிய குழாயில் அதைச் செலுத்த வேண்டும். 2017இல் ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்தபோது, இழையின் அடி விறைப்பாகவும் நுனி மென்மையாகவும் இருந்தது. அடி தள்ளும், நுனி வளைவுக்கு இசைந்து கொடுக்கும். முழுதும் மென்மையாக இருந்தால் மடங்கிப்போகும். முழுதும் விறைப்பாக இருந்தால் வளைவில் முட்டி நின்றுவிடும்.

ஒருக்கா சேர்ந்தா ஆயுள் முழுக்கப் போதுமா?

பல பூச்சிகளுக்குப் போதும், விந்துப்பை இருப்பதால். இராணித் தேனீ தன் இளமையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு புணரும். பிறகு வருடக்கணக்காகப் புணராது. பையில் மில்லியன் கணக்கில் விந்து உயிரோடு இருக்கும். முட்டை இறங்கும்போது ஒரு சிறு பம்பு போன்ற அமைப்பு அளந்து சிலவற்றை விடும். விட்டால் பெண், விடாவிட்டால் ஆண்.

டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பின் பெண்ணுக்கு மூன்று சின்ன உருண்டைப் பைகள். மலேரியா பரப்பும் அனோபிலிசுக்கு ஒன்றுதான். ஈடிஸ் பெண் பெரும்பாலும் ஒரே தடவைதான் புணரும். ஆணின் துணைச் சுரப்பிப் புரதங்கள் அதன் உடலுக்குள் போய், மறுபடி புணரும் நாட்டத்தையே அடக்கிவிடுகின்றன. ஆணிலும் ஒரு விசித்திரம் உண்டு. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் ஆண் நுளம்பால் அன்றே புணர முடியாது. முதல் நாளுக்குள் அதன் வால் நுனி முழுதும் 180 பாகை திரும்பிக்கொள்ளும். திரும்பிய பிறகுதான் பிடிகள் பெண்ணோடு பொருந்தும்.

உறுப்பைப் பார்த்தே இனத்தைச் சொல்லலாம் என்றால், அது பூட்டும் சாவியும் மாதிரித்தானே? வேற இனத்தோட சேராம இருக்க?

இதை முதலில் சொன்னவர் பிரான்ஸின் லியோன் டுஃபூர், 1844இல். கேட்க நியாயமாகவே இருக்கிறது. பூச்சி வகைப்பாட்டாளர்கள் இன்றும் வால் நுனியை வெட்டி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் இளக்கி, கிளிசரினில் வைத்துத்தான் இனத்தைச் சொல்கிறார்கள். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் இரண்டு பழ ஈக்களை ஆணின் வால் நுனியிலுள்ள ஒரு சின்ன மடலை வைத்துப் பிரித்துவிடலாம்.

ஆனால் பூட்டும் சாவியும் மட்டும் என்றால் ஒரு கணக்கு இடிக்கிறது. நெருங்கிய வேறு இனமே இல்லாத தீவிலும் உறுப்புகள் வேகமாக மாறியிருக்கின்றன. பல இனங்களில் பெண்ணின் உறுப்பு அப்படி ஒரு பூட்டாக இறுக்கமாகவும் இல்லை. 1998இல் யோரான் ஆர்ன்க்விஸ்ட் பல பூச்சிக் கூட்டங்களை ஒப்பிட்டார். பெண் பல ஆண்களோடு சேரும் கூட்டங்களில் ஆணுறுப்பின் வேறுபாடு, பெண் ஒருமுறை மட்டும் சேரும் கூட்டங்களைவிட இரு மடங்குக்கும் மேல். அப்படியானால் வேகத்தைத் தருவது இனத்துக்குள்ளேயே நடக்கும் போட்டி. நான் படிப்பிப்பதும் இதைத்தான். பூட்டு சாவிக் கருத்தை முழுதாகத் தள்ள வேண்டாம். ஊசித்தும்பியின் கழுத்துப் பிடியில் அது ஓரளவு பொருந்துகிறது. தன் கழுத்தில் அழுத்துவது தன் இனத்து இடுக்கிதானா என்று பெண் தொட்டுணர்கிறது.

பயறு டின்னில வர்ற வண்டுக்கு முள்ளு உறுப்பு என்று சொன்னீங்களே, உண்மையா?

உண்மை. கௌபி, பயறு டின்னைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டால் திறந்ததும் பழுப்புநிறக் குட்டி வண்டுகள் ஓடும். விதைகளில் வட்டமாக ஜன்னல் வெட்டியிருக்கும், மேலே வெள்ளைப் புள்ளிகளாக முட்டைகள் ஒட்டியிருக்கும். ஒரு ஆணை எடுத்து உறுப்பை வெளியே தள்ளி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நுனி முழுக்கக் கூரிய முட்கள், பலாக்காயின் தோலைக் குறுக்கி வைத்த மாதிரி. மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி மெல்லக் கேட்டாள்: “பெண்ணுக்கு நோகாதா மிஸ்?”

காயம் படுகிறது. பெண்ணின் குழாயில் கறுத்த தழும்புகள் தெரியும், காயம் ஆறியதன் அடையாளம். புணர்ச்சியின் நடுவில் பெண் பின்னங்கால்களால் ஆணை விடாமல் உதைக்கும். உதைக்க முடியாமல் செய்து பார்த்தபோது புணர்ச்சி நீண்டது, காயமும் கூடியது. இது 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு.

முள் எதற்கு? லேசரால் முட்களின் நுனியை மட்டும் மழித்துப் பார்த்தார்கள். மழித்த ஆண்களின் விந்து போட்டியில் பின்தங்கியது. முள் துளைத்த வழியாகச் சுக்கிலப் பாயத்தின் பொருள்கள் பெண்ணின் உடலுக்குள் போவதும் தெரிந்தது. பெண்ணும் சும்மா இருக்கவில்லை. எந்த இனத்தில் ஆணுக்கு முள் கூடவோ, அந்த இனத்துப் பெண்ணின் குழாய்ச் சுவர் தடிப்பாக இருக்கிறது. ஒரு பக்கம் ஆயுதம் கூட, மறுபக்கம் கவசம் கூடுகிறது. கூர்ப்பு நடப்பதை இவ்வளவு கிட்ட நின்று காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை. அதுவும் நம் குசினி டின்னில்.

மூட்டைப்பூச்சி பெண்ணின்ர வயித்தையே குத்துமாமே?

ஆம். பெண்ணுக்குப் பிறப்பு வழி இருக்கிறது, ஆனால் அது முட்டையிட மட்டும். ஆண் தன் ஊசி போன்ற உறுப்பால் வயிற்றுச் சுவரைத் துளைத்து உள்ளே விந்தை விடும். விந்து இரத்தத்தில் நீந்திச் சேமிப்பு அறைகளுக்குப் போகும். அடிக்கடி குத்துப்படும் பெண்ணின் ஆயுள் குறைகிறது.

மேலே சொன்ன கவசக் கதை இங்கேயும் உண்டு. ஆண் வழக்கமாகக் குத்தும் இடத்தில் பெண்ணுக்கு ஒரு தனி உறுப்பே உருவாகியிருக்கிறது. அங்கே சுவரில் றெசிலின் என்ற இறப்பர் போன்ற புரதம் கூட. ஊசி எளிதில் போகிறது, காயம் சிறிதாகிறது, இரத்தம் கசிவது குறைகிறது. அதன் அடியில் கிருமிகளை எதிர்க்கும் கலங்கள் திரண்டு நிற்கின்றன.

அப்ப எல்லாத்தையும் ஆண்தான் முடிவு பண்ணுதா? பெண் வெறும் பாத்திரமா?

இந்தக் கேள்வி வரும் நாளில் எனக்குச் சந்தோசம். நீண்ட காலம் ஆய்வாளர்களே அப்படி எழுதினார்கள். ஆணின் உறுப்பை வரைந்து வரைந்து வைத்தார்கள், பெண்ணின் உட்குழாயைத் திறந்து பார்க்கவில்லை. புணர்ந்துவிட்டதால் மட்டும் கருக்கட்டிவிடுவதில்லை என்று 1980களில் வில்லியம் எபர்ஹார்ட் அழுத்திச் சொன்னார். யாருடைய விந்தைச் சேமிப்பது, யாருடையதை வெளியேற்றுவது, எதை முட்டைக்கு விடுவது என்பதெல்லாம் பெண்ணின் தசைகளுக்கும் பைகளுக்கும் உள்ளே நடக்கிறது. வெளியே தெரியாமல் நடக்கும் தெரிவு. வெள்ளை வண்ணத்துப்பூச்சிப் பெண்ணின் பைக்குள் பல் போன்ற தகடு உண்டு. ஆண் விட்ட விந்துப் பொதியின் தடித்த உறையை அது அரைத்துத் திறக்கும்.

இராணித் தேனீயின் பம்பும் இதே வகைதான்.

பெண்ணுக்கு ஆண்குறி இருக்கிற பூச்சி இருக்கு என்று யூரியூப்பில பார்த்தன். பொய்தானே?

பொய்யில்லை. பிரேசிலின் வறண்ட குகைகளில் வாழும் நியோட்ரோக்லா என்ற சின்னப் பூச்சி அது. 2014இல் யப்பானிய, பிரேசிலிய, சுவிஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து விவரித்தார்கள். பெண்ணின் உறுப்பு நீண்டு ஆணுக்குள் போய், முட்களால் பற்றிக்கொண்டு, விந்துப் பொதியை இழுத்தெடுக்கும். ஒரு புணர்ச்சி 40 முதல் 70 மணித்தியாலம். பிரிக்க இழுத்தபோது ஆணின் வயிறு கிழிந்தது, பிடி விடவில்லை. குகையில் உணவு அருமை, ஆணின் பொதியில் சத்து இருக்கிறது. அதனால் பெண்களே அதற்குப் போட்டியிடுகின்றன என்று விளக்குகிறார்கள். போட்டி பக்கம் மாறினால் உறுப்பும் பக்கம் மாறுகிறது.

புது உறுப்பு எங்க இருந்து வரும்? இல்லாததுல இருந்து எப்படி உருவாகும்?

இல்லாததிலிருந்து வருவதில்லை. பழ ஈக்களைப் பிரிக்க உதவும் சின்ன மடல் என்று மேலே சொன்னேனே, அது நெருங்கிய சில இனங்களில் மட்டும்தான் உண்டு. 2015இல் அதன் மரபணு இயக்கத்தைத் தேடிப் பார்த்தபோது, குடம்பியின் வாலில் மூச்சுத் துளையை உருவாக்கும் அதே மரபணுக் கூட்டம் மறுபடி இங்கே இயக்கப்பட்டிருந்தது. மூச்சுக்காக எழுதிய குறிப்பை இன்னோர் இடத்தில் இன்னொரு காலத்தில் திறந்தார்கள் போல. குளவியின் ஊசி முட்டைக்குழாயிலிருந்து வந்ததும் இதற்கு அண்ணன் முறை.

பூச்சிக்குப் பின்பக்கமும் கண் இருக்கு என்று சொன்னது?

யப்பானில் எலுமிச்சை இலை தின்னும் ஒரு பப்பிலியோ வண்ணத்துப்பூச்சியைப் பற்றித்தான். நம் தேசிக்காய் மரத்துக்கு வரும் கறுப்பு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் உறவு அது. வால் நுனியில் ஒளியை உணரும் கலங்கள் நான்கு. உருவம் தெரியாது, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். ஆணில் அவற்றைச் செயலிழக்கச் செய்தால் சரியாகப் பொருந்த முடியாமல் தவிக்கிறது. பெண் முட்டையிடு குழாய் வெளியே வந்துவிட்டதா என்று அறிய அவற்றைப் பயன்படுத்துகிறது.

நுகேகொட பக்கம் விட்ட வோல்பாக்கியா நுளம்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். வோல்பாக்கியா என்பது கலத்துக்குள் வாழும் பற்றீரியா. முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். அதைச் சுமக்கும் ஆண், சுமக்காத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது. சுமக்கும் பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை சுமப்பவை கூடிக்கொண்டு போகும். அந்த நுளம்பில் டெங்கு வைரசு பெருகுவது கடினம்.

மலட்டு ஆண்களை விடும் வேறொரு முறையும் உண்டு. அதற்கு அடிப்படை, விந்துப்பை பற்றிய பதிலில் சொன்னதுதான். ஒருமுறை மட்டும் புணரும் பெண்ணுக்கு மலட்டு ஆண் வாய்த்தால் அதன் முட்டைகள் எல்லாம் வீண். 1950களில் குராசாவோ தீவில் கால்நடைகளின் சதை தின்னும் ஈயை இப்படித்தான் ஒழித்தார்கள்.

நாங்களே பார்க்க வேணும் என்றா எங்க தொடங்குறது?

டின்னில் வந்த பயறு வண்டிலிருந்து. கைலென்ஸ் ஒன்று போதும், ஆணின் உறுப்புத் தெரியாது, ஆனால் உதைக்கும் கால் நன்றாகத் தெரியும். வெளிச்சமான ஜன்னலடியில் ஒரு கண்ணாடிப் போத்தலில் பத்துப் பயறும் இரண்டு மூன்று வண்டும் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். தும்பிக்கு மழை விட்ட காலை ஒன்பது மணிக்குப் பிறகு தலங்கம. பிடிக்க வேண்டாம், ஓரமாக நின்றால் அவையே அருகில் வந்து அமரும். ஒரு சோடியைக் கண்டால் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். சில ஊசித்தும்பிகள் மணிக்கணக்கில் பிரியாது, குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள்.